சாய்த்துப் பிடித்த பேனா

டெலானிபூர், போர்ட் பிளேர்
10 ஏப்ரல் 2011

சிவஞானத்தின் மகள் உதயாவுக்கு,

நல்லதம்பி சொல்ல, என் மருமகள் ஷோபா எழுதுகிறாள். மேலே உள்ள தேதி அவள் போட்டது. எனக்கு எழுத்தும் தெரியாது, தேதியும் மனதில் நிற்காது. வருஷம் மட்டும் நிற்கும். ஜப்பானில் கடல் ஊருக்குள் ஏறிக் காரையும் வீட்டையும் தள்ளிக்கொண்டு போவதை டிவியில் பார்த்துவிட்டு, மேட்டில் இருக்கிற டெலானிபூர் ஜனங்களே இன்னும் மேலே ஓடினார்களே, அடுத்த மாதமே இந்தியா கோப்பை வாங்கியதென்று அதே ஜனங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்களே, அந்த வருஷம் இது. அந்த ஓட்டத்துக்கும் இந்தப் பட்டாசுக்கும் நடுவில் என்னைச் சிறையிலிருந்து விட்டார்கள். என் மகன் சந்திரசேகரின் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன்.

போன வாரம் அபர்டீன் பஜாரில் பஸ்ஸுக்கு நின்றேன். பின்னாலிருந்து ஒரு அடி. இரும்புக் குழாய். காறை எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. அந்தக் காதும் சிறையில் வாங்கிய அறையில் பாதி போன காது. கீழே விழுந்து திரும்பிப் பார்த்தால் உன் தம்பி பாலமுருகன். அச்சாக உன் அப்பன் முகம். என் நெஞ்சில் கால் வைத்து, “சாலே புட்டே, அக்லி பார் ஜிந்தா நஹீ சோடுங்கா” என்றான். நான் கிழவனாம், அடுத்த தடவை உயிரோடு விடமாட்டானாம். அதைத் தமிழில் சொல்லக்கூடாதா? அவன் பிறந்தபோது அவன் வாயில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தவன் நான்.

போலீசிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். நான் செத்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் நான் கிடந்த சிறையில் அந்தப் பையன் கிடக்கக்கூடாது. அவனைப் பிடித்து நிறுத்து. நீ சொன்னால் கேட்பான்.

நல்லதம்பி

•

ஆதம்பாக்கம், சென்னை
25 ஏப்ரல் 2011

நல்லதம்பி அவர்களுக்கு,

என் விலாசத்தை என் பழைய ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். போன் எண்ணும் கேட்டீர்களாம். தரமாட்டேன். உங்கள் குரலை என் காதில் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கடிதத்தை வேலைக்குப் போகும் ரயிலில் படித்தேன். உங்கள் எலும்பு முறிந்த இடம் வந்தபோது எனக்குப் பசித்தது. இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மீதியைப் படித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

சுனாமி அலை வந்தபோது நானும் பாலாவும் போர்ட் பிளேரில் ஹாஸ்டலில் இருந்தோம். விடுமுறைக்குக் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து வீட்டுக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் பிழைத்தோம். கைக்குழந்தையாக இருந்த எங்கள் சின்னத்தம்பியைக் கடல் கொண்டுபோனது. கடலிடம் சண்டை போட முடியாது. ஆனால் அப்பாவைக் கடல் கொல்லவில்லை. எல்லாம் போய் மலைமேல் ஒதுங்கியிருந்த மனிதனின் கழுத்தை, நீங்கள் உங்கள் ரப்பர் பால்வெட்டுக் கத்தியால் அறுத்தீர்கள். தண்ணீர்த் தொட்டிக்காக என்று கோர்ட்டில் சொன்னீர்கள். ஒரு தொட்டித் தண்ணீருக்காக!

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அவள் வலது கை விரல்கள் நசுங்கி வளைந்துவிட்டன. அலையில் வந்த மரம் அடித்ததாம். எல்லா வேலையும் இப்போது இடது கையால்தான். உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

ஒன்று மட்டும் என்னை இத்தனை வருஷமாக விடவில்லை. கோர்ட்டில் உங்கள் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஓடிய தழும்பைக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். அப்பா உயிருக்குப் போராடியபோது முதலில் கத்தியைப் பறித்து உங்களை வெட்டியதாகவும், நீங்கள் அதைத் திரும்பப் பிடுங்கி அவரைக் கொன்றதாகவும் சொன்னார்கள். அந்தத் தழும்பு ஒரே தடிமனாக இல்லை. தடித்து, மெலிந்து, முடிவில் மயிரிழையாக முடிந்தது. பேனாவால் எழுதியதுபோல இருந்தது.

நான் இப்போது கணிதப் புத்தகங்களுக்குப் படம் வரையும் கம்பெனியில் இருக்கிறேன். வளைகோடுகள்தான் என் சோறு. அந்தத் தழும்பை எனக்கு அனுப்புங்கள். மெல்லிய தாளைக் கையின்மேல் சுற்றி, ஓரம் தவறாமல் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். கத்தியின் வாய் எப்படி இருக்கும் என்றும் எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பாலாவிடம் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

உதயா

•

டெலானிபூர்
12 மே 2011

உதயா புள்ளைக்கு,

தாள் உள்ளே இருக்கிறது. ஷோபா ஜவுளிக்கடை வெண்ணெய்த்தாளைச் சுற்றிப் பென்சிலால் ஓரம் வரைந்தாள். கூச்சத்தில் கையை இழுத்துவிட்டேன். “மாமா, ஆறு வருஷம் ஜெயில்ல இருந்த ஆளு, ஒரு பென்சிலுக்கு இப்படி நெளியுறீங்களே” என்று சிரித்தாள். ஆகையால் முழங்கைப் பக்கம் ஒரு இடத்தில் கோடு கோணியிருக்கும். அங்கே மட்டும் நம்பாதே.

தடிமன் நீ சொன்ன மாதிரிதான். முழங்கைப் பக்கம் சதுரமாகத் தொடங்கும். மணிக்கட்டுக்கு இந்தப் பக்கம் நன்றாக அகலும். அப்புறம் சுருங்கிச் சுருங்கி இழையாக முடியும்.

கத்தி கேட்டாய். நீயே பார்த்து வளர்ந்தவள்தானே, மறந்துவிட்டாயா? அது குத்துகிற கத்தி இல்லை. இழுக்கிற கத்தி. நுனி ஒரு விரல் அகலத்துக்கு மடங்கியிருக்கும், பாதி மடித்த வெற்றிலை மாதிரி. அடி உதடுதான் வெட்டும். மேல் உதடு வழிகாட்டும். ரப்பர் மரத்தில் இழுத்தால் பட்டையை நாடாவாகச் சீவி எடுக்கும். மனுஷன் கையில் இழுத்தாலும் அப்படித்தான். கீறாது புள்ளே, சீவும். என் கையிலிருந்து ஒரு நாடா தோல் உரிந்து தரையில் கிடந்ததை நானே பார்த்தேன். இறைச்சிக் கடையில் கிடக்கிற மாதிரி.

யார், எதற்கு என்று மட்டும் கேட்காதே. கோர்ட்டில் சொன்னதுதான்.

உன் தம்பி இங்கே வந்துபோனான். கதவை உதைத்தான். சந்திரசேகர் குறுக்கே நின்றான். கையிலிருந்த பெரிய பூட்டால் அவன் வாயில் அடித்தான் உன் தம்பி. முன்பற்கள் போய்விட்டன. ரத்தத்தோடு பல்லைத் துப்பிக்கொண்டே சந்திரசேகர், “டேய், ஒனக்கு ஒங்க அக்கா சோறு ஊட்டுனப்ப பக்கத்துல ஒக்காந்து தின்னவன்டா நானு” என்றான். அதற்கு உன் தம்பி, “அதனாலதான் பல்லோட நிறுத்திக்கிட்டேன்” என்றான். அக்கம்பக்கத்து பெங்காலிப் பெண்கள் கத்தியதால் ஓடினான்.

ஷோபா போலீசுக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் தடுத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தடுக்க ஏலும்?

நல்லதம்பி

•

சென்னை
2 ஜூன் 2011

நல்லதம்பி அவர்களுக்கு,

சந்திரசேகர் அண்ணனின் பல்லுக்காக வருந்துகிறேன். பாலாவைத் திட்டினேன். அவன் போனை வைத்துவிட்டான்.

நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். கூடவே ஷோபா அக்காவும் படிப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

மெட்டாபோஸ்ட் என்று ஒரு மொழி. கணினியிடம் படம் வரையச் சொல்வதற்கு உண்டானது. கையால் இழுத்து வரைவதில்லை. புள்ளிகளை எழுதிக்கொடுத்து, இவற்றின் வழியே வளைந்து போ என்றால் போகும். அதற்குப் பாதை என்று பெயர். பாதைக்கு அகலம் கிடையாது. எந்தப் பேனாவால் அந்தப் பாதையில் போக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சின்ன வட்ட முனையை எடுத்துக்கொள்ளும். பாதை ஒன்றுதான். பேனா மாறினால் கோடு மாறிவிடும்.

உங்கள் தழும்பின் நடுவழியைப் பாதையாக எழுதினேன். கோணிய இடத்தை விட்டுவிட்டேன். முதலில் வட்ட முனை. வட்டம் எந்தத் திசையில் போனாலும் ஒரே அகலம். ஒரு கயிற்றைத் தாளில் வைத்ததுபோல வந்தது. உங்கள் தழும்பு அதுவல்ல. அடுத்தது சதுர முனை. தொடக்கம் பொருந்தியது, நீங்கள் சொன்ன அந்தச் சதுர வெட்டு. ஆனால் நடுவில் மெலியவே இல்லை. கடைசியும் மொண்ணையாக நின்றது.

பிறகு கத்தியின் வாயையே பேனாவாக்கப் பார்த்தேன். நாமே மூலைப் புள்ளிகளைக் கொடுத்துப் பேனா செய்துகொள்ளலாம். மடித்த வெற்றிலை வடிவத்தைக் கொடுத்தேன். அது ஏற்கவில்லை. இந்த மொழியில் பேனாவுக்குக் குழிவு இருக்கக்கூடாது. குழியின்மேல் தோல் போர்த்தியதுபோல நேராக்கிவிடுகிறது. ஒரு முழு நாள் வீணானது. அப்புறம் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். அடி உதடுதான் வெட்டும். மேல் உதட்டை எறிந்துவிட்டேன். மிஞ்சியது ஒரு சப்பைப் பேனா, விரல் அகலம், தாள் கனம்.

சப்பைப் பேனா திசையைப் பொறுத்தது. வாய் பாதைக்குக் குறுக்கே நிற்கும் இடத்தில் கோடு தடிக்கும். பாதையோடு சேர்ந்து ஓடும் இடத்தில் இழையாகிவிடும். ஆகவே எந்தச் சாய்வில் பிடித்தார்கள் என்பதுதான் எல்லாம். வலது கையால் இழுப்பவர் பிடிக்கும் சாய்வைக் கொடுத்தேன். தடித்த இடம் முழங்கைப் பக்கம் விழுந்தது. உங்களுடையது மணிக்கட்டுப் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பொருந்தவில்லை. எதிர்ப்பக்கம் சாய்த்தேன்.

பொருந்திவிட்டது. சதுரத் தொடக்கம், மணிக்கட்டுப் பக்கத் தடிமன், இழையான முடிவு. உங்கள் வெண்ணெய்த்தாளைத் திரையின்மேல் வைத்தால் இரண்டும் ஒன்றாகின.

என்னை நானே நம்பாமல், உடன் வேலை செய்யும் பாலசுப்பிரமணியத்தின் கையில் தாளைச் சுற்றி, தட்டைத் தூரிகையால் மாற்றி மாற்றி இழுத்தேன். “யாரைக் கொல்றதுக்கு ரிகர்சல் உதயா?” என்றார். அங்கேயும் அதேதான். இடது கையால் இழுத்தபோதுதான் அந்தத் தழும்பு வந்தது.

இது சாட்சியம் ஆகாது என்று எனக்குத் தெரியும். மணிக்கட்டை முறுக்கிப் பிடித்தால் வலது கையும் அந்தச் சாய்வைத் தரலாம். ஆனால் அப்பா வலது கைக்காரர். நீங்களும் வலது கைக்காரர், வெட்டுப்பட்டதே உங்கள் வலது கை. அப்படியானால் அந்தக் கத்தியை மூன்றாவது ஒருவர் பிடித்திருக்கிறார்.

நீங்கள் கோர்ட்டில் பொய் சொல்லியிருக்கிறீர்கள். தோட்டத்தில் யார் இடது கைக்காரர்?

உதயா

•

டெலானிபூர்
20 ஜூன் 2011

உதயா புள்ளே,

தோட்டத்தில் இடது கையால் பால் வெட்டியவர் ஒருவரும் இல்லை. மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். மாற்றி இறக்கினால் பால் குறைந்துவிடும். கச்சாலுக்கு வரும் முன், இலங்கைத் தோட்டத்தில் பழகும்போதே கங்காணிமார் இடது கையைக் கயிற்றால் முதுகோடு கட்டிவிடுவார்கள். பிறவியில் எந்தக் கையாக இருந்தாலும், மரத்துக்கு முன்னால் எல்லோரும் வலது கைதான். போலீஸ்கூட அன்று கேட்டான், “கோயி லெஃப்டி ஹை?” என்று, இடது கைக்காரன் யாராவது உண்டா என்று. யாரும் இல்லை என்றோம். அது மெய்.

உன் படத்தைக் கிழித்துப் போடு. கணக்குப் புத்தகத்துக்குப் படம் போடு, அதற்குத்தான் சம்பளம். தம்பியை மட்டும் நிறுத்து. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நல்லதம்பி

(உதயா, இதைச் சொல்லும்போது மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் இதை எழுதியது அவருக்குத் தெரியாது. ஷோபா.)

•

சென்னை
5 ஜூலை 2011

மாமா,

சின்ன வயதில் கூப்பிட்டதுபோலக் கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் மறைக்க மறைக்கத்தான் தெரிந்தது. அந்த மலைமேல், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தில் ஒதுங்கியவர்கள் நீங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நீங்கள், ஜம்புலிங்கம் தாத்தா, ராக்கப்பன். ராக்கப்பனின் வலது கை விரல்கள் ரெண்டு, நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே ரப்பர் ஷீட்டை அழுத்தும் உருளையில் சிக்கிப் போய்விட்டன. அவர் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து நான் சிரித்து, அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இடது கைக்காரர் யார் என்று கேட்டேனே, என் கண்முன்னே இருந்தவரை மறந்து!

உங்கள் கத்தியை எடுத்து அவர் வெட்டியிருக்கிறார். நீங்கள் தடுக்கப் போய்க் கையைக் கொடுத்திருக்கிறீர்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு என்று அவருக்காக நீங்கள் சிறைக்குப் போயிருக்கிறீர்கள். என் கணக்கு சரிதானே?

பாலாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். படத்தையும் மெயிலில் அனுப்பினேன். பார்த்தான். பிறகு, “அப்ப பெரியவரை நான் சும்மா அடிச்சுட்டேன்” என்றான். அழுதான் மாமா. இனி உங்கள் பக்கம் வரமாட்டான். ராக்கப்பன் எங்கே என்று கேட்டான். மகளோடு தெற்கே கேம்பல் பேயில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னேன். சட்டப்படி போகலாம் என்றும் சொன்னேன்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். வெண்ணெய்த்தாளை எடுத்துத் தன் மடியில் விரித்து, அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள். “ராக்கப்பனா?” என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் சாப்பிடவில்லை. பழைய துக்கம் கிளறிவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் இனி நிம்மதியாக இருங்கள்.

உதயா

•

டெலானிபூர்
14 ஜூலை 2011
ஸ்பீட் போஸ்ட்

உதயா,

ராக்கப்பன் இல்லை. ராக்கப்பன் இல்லை. அவனைப் போன் போட்டு நிறுத்து. உன் நம்பரைக் கொடுத்திருந்தால் இந்தத் தாளுக்கு வேலையே இல்லை.

ராக்கப்பன் பிறவியில் வலது கை. விரல் போன பிறகு சோற்றை இடது கையால் எடுக்கப் பழகினான், அதுவும் பாதி சட்டையில் கொட்டும். அந்தக் கையால் ஒரு வெற்றிலையைக்கூடக் கிள்ள ஏலாது. கத்தியை இழுப்பானா? சோறு தின்கிற கை வேறு, வெட்டுகிற கை வேறு. இது உன் பேனாவுக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதத்தை ஷோபா படித்து முடிக்கும் முன்னமே சந்திரசேகர் ஹாடோ ஜெட்டிக்கு ஓடினான். உன் தம்பி வேலை செய்த கான்ட்ராக்டர், “பாலா? கேம்பல் பே கப்பலில் லோடோடு போயிட்டானே” என்றாராம். கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு டிக்கெட் இல்லை, வானிலை சரியில்லை என்கிறார்கள். கேம்பல் பே போலீசுக்குச் சொல்லச் சொல்லி இங்கே ஸ்டேஷனில் நின்றோம். “புட்டா, நீ ஜெயிலுக்குப் போனவன்தானே, இன்னொருத்தன் மேல கம்ப்ளெயின்ட்டா?” என்று விரட்டிவிட்டார்கள்.

நிறுத்து புள்ளே. காலில் விழுகிறேன் என்று எழுதச் சொல்கிறேன், ஷோபா எழுதுகிறாள்.

நல்லதம்பி

•

சென்னை
1 ஆகஸ்ட் 2011

மாமா,

உங்கள் ஸ்பீட் போஸ்ட் வந்து சேர்ந்தபோது கேம்பல் பேயிலிருந்து போன் வந்து முடிந்திருந்தது.

ராக்கப்பனின் மகள் அடையாளம் தெரியாத ஏதோ ஒரு குரலில் சொன்னாள். அவர் வாசலில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாராம். பாலா போய், “சிவஞானம் மவன் வந்திருக்கேன்” என்றானாம். அவர் சந்தோஷப்பட்டு எழுந்து, “வா வா, எவ்வளவு வளந்துட்டே” என்று இரண்டு கையையும் நீட்டினாராம். பாலா முதலில் அந்த இடது கையை வெட்டினான். பிறகு கழுத்து. பிறகும் நிறுத்தவில்லை. எத்தனை என்று அவள் சொல்ல வந்தாள், நான் கேட்க மறுத்துவிட்டேன். தேங்காய் மட்டையெல்லாம் சிவப்பாகிக் கிடந்ததாம். உரித்த தேங்காயை அவள் பிள்ளைகள் இன்னும் தொடவில்லையாம்.

பாலா ஓடவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்துபோய், நான் அனுப்பிய படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தானாம். “என் அப்பனைக் கொன்னவனைக் கொன்னுட்டேன், இதுதான் ப்ரூஃப்” என்றானாம். என் பேனா, மாமா. நான் சாய்த்த பேனா. மூன்று வரி எழுதினேன், ஒரு மனிதனைத் துண்டாக்கிவிட்டேன்.

ஆனால் உங்களை நான் விடப்போவதில்லை. “இல்லை” என்று அன்றே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ராக்கப்பன் இன்று தேங்காய் உரித்துக்கொண்டிருப்பார். தியாகம் என்று நீங்கள் நினைத்த மௌனம் ஒரு ஆளைத் தின்றிருக்கிறது. லாக்கப்பில் என் தம்பி பெருமையாக உட்கார்ந்திருக்கிறான். ராக்கப்பனின் மருமகன்கள் அவனை வெளியே எடுக்க விடமாட்டோம் என்று நிற்கிறார்கள். யார் செய்த கொலைக்காக அவன் ராக்கப்பனைக் கொன்றான் என்று நான் அவனிடம் சொல்ல வேண்டும்.

இப்போதாவது சொல்லுங்கள். யார்?

உதயா

•

டெலானிபூர்
16 ஆகஸ்ட் 2011

உதயா,

சொல்கிறேன். ஷோபா, எழுதும்மா. நடுவில் நிறுத்தாதே.

அலை வந்த காலையில் உன் சின்னத்தம்பி அம்மாவின் வலது கையில் இருந்தான். இடது கையால் அவள் ஒரு பலாமரக் கிளையைப் பிடித்திருந்தாள். கிளையைப் பிடித்த கை தாங்கியது. பிள்ளையைப் பிடித்த கை தாங்கவில்லை. உன் அப்பன் மேட்டிலிருந்து அதைப் பார்த்தான். என் பெண்டாட்டி சின்னம்மாவும் அந்தத் தண்ணீரில்தான் போனாள். ஆனால் நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தவனுக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

புகைக்கூடத்துக்கு வந்ததிலிருந்து சிவஞானத்தின் வாயில் ஒரே கேள்வி. “எந்தக் கையிலடி விட்டே?” அவள் வலது கையை நீட்டுவாள். விறகால் அடிப்பான். கொஞ்ச நேரம் தலையில் அடித்துக்கொண்டு அழுவான். மறுபடி, “எந்தக் கையிலடி?” அவள் மறுபடி அதே கையை நீட்டுவாள். ஒரு தடவையாவது இழுத்துக்கொள்ளக்கூடாதா? இல்லை, நீட்டினாள். தடுக்கப்போன ஜம்புலிங்கத்தின் காதைக் கடித்துத் துப்பினான். ராக்கப்பனைப் புகை அடுப்பில் தள்ளினான். அவன் கெட்டவன் இல்லை, புள்ளே. நல்ல பாட்டுக்காரன். நான் பார்த்த அந்த ஆள் அவன் இல்லை.

தொட்டித் தண்ணீருக்குச் சண்டை என்றது பொய். தண்ணீர் நிறைய இருந்தது.

அன்று மத்தியானம் அவளை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அவள் வலது கையை ஷீட் உருளையின் நடுவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். ரப்பர் ஷீட் நசுங்குமே, அந்த மாதிரி. விரல் உடைகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது, கேட்காத காதிலும் கேட்கிறது. மரம் அடித்தது என்று உனக்குச் சொன்னாளே, மரம் இல்லை. அவள் கத்தவில்லை. அவன்தான் கத்தினான், “விட்ட கைடி, விட்ட கைடி” என்று.

நான் பின்னாலிருந்து என் வலது கையை அவன் கழுத்தில் போட்டு இழுத்தேன். அவன் மாடு மாதிரி, அசையவில்லை. கைப்பிடி இன்னொரு சுற்றுச் சுற்றியது. பக்கத்துத் தூணில் என் பால்வெட்டுக் கத்தி மாட்டியிருந்தது. அவளுக்கு மிச்சம் இருந்தது இடது கைதான். எட்டி எடுத்தாள். ஒரே இழுப்பு. என் கையில் ஏறி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நாடாவைச் சீவிக்கொண்டு போய், அப்படியே அவன் கழுத்தில் இறங்கியது. நீ படத்தில் இழையாக முடிகிறது என்று எழுதினாயே, அங்கே அது முடியவில்லை புள்ளே. அங்கிருந்துதான் உன் அப்பன் தொடங்குகிறான்.

ரத்தம் உருளைமேல் பீறிட்டது. என் தாடியெல்லாம் அவன் ரத்தம். அவன் என் கையிலேயே சரிந்தான். நான் உருளையைப் பின்னால் சுற்றி அவள் கையை எடுத்தேன். அவள் கத்தியைக் கீழே போடவில்லை. அதைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனாள். ராக்கப்பன்தான், வெந்த முதுகோடு பாய்ந்து, வெற்றிலை கிள்ள ஏலாத அந்த இடது கையால் பிடித்துத் தடுத்தான். “ரெண்டு புள்ளைக போர்ட் பிளேருல ஒக்காந்திருக்குதுக தாயி, அதுகளுக்கு யாரு?” என்றான். உங்களுக்கு அம்மா மிஞ்சினது அவனால். அந்தக் கையைத்தான் உன் தம்பி முதலில் வெட்டியிருக்கிறான்.

ரப்பர் கட்டையை அடுக்கி சிவஞானத்தை எரித்தோம். போலீஸ் பிறகு வந்தான், உருளைமேல் காய்ந்த ரத்தத்தைப் பார்த்தான். கத்தி என்னுடையது, காயமும் என்னுடையது. நான்தான் என்றேன். எனக்குச் சின்னம்மா இல்லை, மகன் ஆளாகிவிட்டான். உங்களுக்கு ஒரு ஆள் மிச்சம் வேண்டும்.

அவள் இலங்கையில் பிறந்த இடது கைக்காரி. அவள் அப்பன் கயிற்றால் கட்டி வலது கை பழக்கியதை நான் பக்கத்து லயத்து வீட்டிலிருந்து பார்த்தவன். வலது கை ஒடிந்த பிறகு இடது கை பழகினாள் என்று நீ நினைத்தாய். பிறந்த கைக்குத் திரும்பிப் போனாள், அவ்வளவுதான்.

இதை உன் தம்பியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. ஆனால் அவன் பெருமையாக உட்கார்ந்திருக்கக்கூடாது. ராக்கப்பனின் மகளிடம் கட்டாயம் சொல். அவள் அப்பன் கையால் என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் புகைக்கூடத்தில் ஐந்து பேர் நின்றோம். சிவஞானம் ரப்பர் கட்டையில் எரிந்தான். ஜம்புலிங்கம் காது புண்ணாகித் தகரக் கொட்டகை முகாமில் செத்துப் போனான். ராக்கப்பன் தேங்காய் மட்டைமேல் கிடந்தான். என்னைச் சேர்க்காதே, என் கதையைக் கோர்ட்டு கேட்டு முடித்துவிட்டது, நான் சொன்ன பொய்யோடு சேர்த்து. இனி நீ கேட்க வேண்டிய ஆள் உன் வீட்டில்தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே உட்கார். சத்தம் போடாதே. எந்தக் கை என்று மட்டும் கேட்டுவிடாதே.

உதயா கேட்ட பெயரை எழுதும்மா ஷோபா, அவள் அம்மா பெயரை. ராஜகுமாரி.